மார்கழியில் பந்தி இல்லை: ஒரு கல்லூரி மாணவரின் விடுமுறைக்கால வேலை – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் 19 வயது மாணவர். வியாசர்பாடியில் வீடு. அரசுக் கல்லூரி ஒன்றில் பி.காம். இரண்டாம் ஆண்டு, காலை ஷிஃப்ட். அப்பா கன்டெய்னர் யார்டில் கூலி வேலை பார்க்கிறார். இடுப்பு வலி வந்ததிலிருந்து வாரத்தில் மூன்று நாள் போனால் அதிகம். அம்மா இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். நானும் நண்பர்களும் அந்தப் பகுதியில் மாலை நேரப் படிப்பகம் ஒன்று நடத்துகிறோம். இவர் எட்டாம் வகுப்பிலிருந்து அங்கே வருகிறவர், இப்போது சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறார். 2024 டிசம்பர் தொடக்கத்திலிருந்து 2025 ஜனவரி கடைசி வரை நடந்ததை, அவருடைய சம்மதத்தோடு, ஆள் பெயரும் கடை பெயரும் இல்லாமல் பதிவு செய்கிறேன். நான் செய்த தவறு ஒன்றும் இதில் இருக்கிறது.

கல்லூரிச் செலவுக்கு அவர் நம்பியிருந்தது கேட்டரிங் வேலையை. சென்னையில் கல்லூரிப் பையன்கள் பலர் செய்வதுதான்: கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை, முதல் நாள் மாலை வரவேற்புப் பந்தி, மறுநாள் காலை முகூர்த்தப் பந்தி. வேலை முடிந்ததும், குழுவைக் கூட்டிப்போகிற கேப்டன் பணத்தைக் கையிலேயே கொடுத்துவிடுவார். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஆறேழு நாள் கிடைக்கும். ஆனால் ஆடியைப் போலவே மார்கழியிலும் இந்து வீடுகளில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். 2024இல் மார்கழி 1, டிசம்பர் 16 அன்று வந்தது. தை பிறந்தது ஜனவரி 14. சர்ச் கல்யாணமும் நிக்காஹ்வும் நடக்கும்தான். இவர் இருந்த குழுவுக்கு அந்த ஆர்டர்கள் வருவதில்லை. ஆக, பரீட்சை முடிந்து கை ஓய்கிற அதே நேரத்தில், அவருக்குத் தெரிந்த ஒரே வேலை நான்கு வாரம் இல்லாமல் போகிறது.

பணத் தேவைக்குத் தேதி இருந்தது. ஆகஸ்ட்டில் அப்பாவின் வைத்தியத்துக்காக அம்மாவின் தோடு 9,000 ரூபாய்க்கு அடகுக்குப் போனது. நூற்றுக்கு இரண்டு வட்டி. ஜனவரி நடுவில் மீட்டால் 9,900. தை முதல் வாரத்திலேயே சித்தி மகள் கல்யாணம். காது ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதென்று அம்மா வேப்பங்குச்சியைச் சின்னதாக ஒடித்துச் செருகியிருந்தார். சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்துக்கு அந்தக் குச்சியோடு போவதில்லை என்று முடிவே செய்துவிட்டார். "எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு" என்று மகனிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

கார்த்திகை வேலையில் மிச்சம் 2,100 ரூபாய் கையில் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருந்திருக்கும். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் வரவேற்புக்குப் பாதிப் பேர்கூட வராததால், பாதி ஆட்களை மண்டப வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதில் இவரும் ஒருவர்.

டிசம்பர் முதல் வாரம்: 650 ரூபாய் போனது

முதலில் தேடியது செல்போனில். வாட்ஸ்அப் குழு ஒன்றில், வீட்டிலிருந்தே பென்சில் பேக்கிங், மாதம் 30,000, முன்பணமாக 15,000 என்று ஒரு படம் வந்தது. கூப்பிட்டால் ஒரு பெண் அன்பாகப் பேசினார். பதிவுக் கட்டணம் 650 யுபிஐயில் அனுப்பச் சொன்னார். அனுப்பியதும் ஐடி கார்டு ஒன்று வந்தது, இவருடைய போட்டோவோடு. அரை மணி நேரத்தில் "கூரியர் சார்ஜ்" 1,850 கேட்டார்கள். அப்போதுதான் சந்தேகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

வெட்கத்தில் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிந்தோம். அந்த எண்ணின் பயனே, பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் நிறுத்தப் பார்ப்பதுதான். மூன்று நாள் கழித்துச் சொன்னால் அதற்கு வாய்ப்பு குறைவு. 650 திரும்பி வரவில்லை. கையிருப்பு 1,450 ஆனது.

இதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலை கொடுக்கிறவர் பணம் கேட்டால் அது வேலை இல்லை என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் அனுப்பினார். காரணம் கேட்டேன். "தோடு ஞாபகம் வந்துச்சுண்ணா" என்றார்.

டிசம்பர் 12: ஏஜென்ட்டும் என் தவறும்

அடுத்து எங்கள் பகுதியிலேயே இருக்கும் ஒரு ஏஜென்ட். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தி.நகர் ஜவுளிக் கடைகளுக்குப் பையன்களை அனுப்புகிறவர். இந்த முறை 12 பேர் கேட்கிறார்கள், ஒரு நாளைக்கு 450, இரவு டிஃபனுக்குப் பேட்டா 50, "செட்டில்மென்ட் சீசன் முடிஞ்சதும்" என்றார். ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். நகல் போதாதா என்று கேட்டதற்கு, கடையில் அசலைத்தான் கேட்பார்கள் என்று பதில்.

மாணவர் என்னிடம் யோசனை கேட்டார். முந்தைய தீபாவளிக்குப் போன இரண்டு பையன்களை விசாரித்தேன். பணம் வந்ததாகச் சொன்னார்கள். தெரிந்த ஆள், தெரிந்த இடம், பென்சில்காரர்களைப் போல முன்பணம் கேட்கவில்லை. சரி, போ என்றேன். எவ்வளவு என்று கேட்ட நான், எப்போது என்று கேட்கவில்லை. யார் கையால் என்றும் கேட்கவில்லை.

"சீசன்" என்ற சொல்லை மாணவர் தன் விடுமுறையோடு பொருத்திக்கொண்டார்: அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அதோடு முடிகிறது என்று. கர்நாடக இசைக் கச்சேரி நடத்துகிற சபாக்காரர்களுக்கு சீசன் பெரும்பாலும் ஜனவரி 1 வாக்கில் முடியும். ஜவுளிக் கடைக்கு அது போகி ராத்திரி ஷட்டர் இறக்கும்போதுதான் முடியும். ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன சீசன் வேறு, இவர் கேட்ட சீசன் வேறு.

டிசம்பர் 14 முதல் 24 வரை: கடையில் கண்டது

வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் ரயிலேறி சென்ட்ரல், அங்கிருந்து சாலையைக் கடந்து பூங்கா நிலையம், மறுபடி மின்சார ரயிலில் மாம்பலம். இறங்கினால் ரங்கநாதன் தெரு. காலை 9.30க்கு வருகைப் பதிவு. செல்போனை வாசலில் டோக்கன் போட்டு வாங்கி வைத்துவிடுவார்கள். இவரை ஆண்கள் ரெடிமேட் தளத்தில் போட்டார்கள். விற்பது நிரந்தர ஊழியர்கள். சீசன் பையன்களுக்கு மடிக்கிற வேலை.

அந்த மடிப்பை அவர் எனக்குச் செய்து காட்டினார். மேல் பட்டன், நடுப் பட்டன், கீழ்ப் பட்டன் மூன்றையும் மட்டும் போட வேண்டும். காலரை நிமிர்த்தி உள்ளே அட்டைப் பட்டையைச் செருக வேண்டும். கவிழ்த்துப் போட்டு முதுகில் அட்டை வைத்து இரண்டு கையையும் குறுக்கே மடக்கி, வாலை மேலே தூக்கிவிட்டால் சட்டை பெட்டியிலிருந்து வந்ததுபோல் நிற்கும். ஒரு வாடிக்கையாளர் பத்துச் சட்டையைப் பிரித்துப் பார்த்து ஒன்றை எடுப்பார். மீதி ஒன்பதும் இவருடையது. அளவு மாறி அடுக்கினால் ஃப்ளோர் இன்சார்ஜ் எல்லோர் முன்னாலும் திட்டுவார். "நாப்பதும் நாப்பத்திரண்டும் உனக்கு ஒண்ணா தெரியுதா, நீயெல்லாம் பி.காம். படிக்கிற" என்பது அவருக்கு மனப்பாடமாகிவிட்டது.

இரவு 10.15 வரை வேலை. சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் போக ஒரு நாளைக்கு 12 மணி நேரம். 11 நாளில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. உட்காரக் கூடாது. மாடிப்படிக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்ததாம், ஒன்றின் மேல் ஒன்று. அதன் மேல் பிரிக்காத துணிக் கட்டுகள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, கடை ஊழியருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். மிகைநேரம் சேர்த்தாலும் நாளில் 10, வாரத்தில் 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மிகைநேரத்துக்குக் கூலி இரட்டிப்பு. வாரம் ஒரு நாள் விடுப்பு. 2021இல் தமிழ்நாடு அரசு அதே சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது: கடை ஊழியர்கள் வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார இருக்கை வசதி செய்து தர வேண்டும். கேரளத்தில் இது 2018லேயே வந்துவிட்டது. அந்த இரண்டு ஸ்டூல்களும் இந்தப் பிரிவுக்காகவே வாங்கப்பட்டவையாக இருக்கலாம். எனக்குத் தோன்றுவது, அவ்வளவுதான்.

பேட்டா 50 ரூபாய் ரயிலுக்கும் டீக்கும் சரியாகப் போனது. வீட்டிலிருந்து டப்பாவில் சாப்பாடு கொண்டுபோனார். 11 நாளில் வீட்டுக்கு வந்த பணம் பூஜ்யம்.

டிசம்பர் 23 இரவு: விடுவதா, இருப்பதா

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நடந்த இரண்டு விஷயங்கள் இந்தப் பேச்சுக்குக் காரணம். ஒன்று, அவர் கால். கணுக்கால் வீங்கி மாலையில் செருப்பு ஏறவில்லை. இரண்டாவது, கிறிஸ்துமஸுக்கு 500 ரூபாயாவது முன்பணம் கேட்டபோது ஏஜென்ட் சொன்ன பதில்: "போகி நைட்டு வரைக்கும் நிக்கிறவனுக்குத்தான் செட்டில்மென்ட். பொங்கல் கழிஞ்சு ஒரு வாரத்துல மொத்தமா வரும்."

அன்று இரவு 11.50க்கு அவர் வீடு திரும்பும்போது நான் அங்கே இருந்தேன். அம்மா வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

"காலைப் பாருங்க தம்பி. நாளைக்கும் நிக்கணுமாம்."

"இப்ப விட்டா பதினோரு நாள் கூலி போயிடும்ண்ணா" என்றார் மாணவர். மறுநாளையும் சேர்த்து எண்ணுகிறார். "4,950 ரூபாய்."

அவர் பயம் நியாயமானது. நானும் முதலில் அதையேதான் நினைத்தேன்: இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் மொத்தமாகக் கிடைக்குமே என்று. அம்மாதான் கேட்டார்: "கல்யாணம் தை ஆறு. பொங்கல் கழிஞ்சு ஒரு வாரம்னா எந்தத் தேதி?"

ஜனவரி 21 வாக்கில். அதாவது ஏஜென்ட் ஒரு சொல்லும் தவறாமல் நடந்துகொண்டாலும், ஒரு ரூபாய்கூடப் பிடிக்காமல் கொடுத்தாலும், அந்தப் பணம் தோட்டுக்கு உதவாது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே நிலைமை அதுதான். பி.காம். படிக்கிறவருக்கும், ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற எனக்கும் அது 10 நாள் தெரியவில்லை.

அதன் பிறகு பேச்சு மாறியது. 4,950 போகுமா போகாதா என்பதைத் தனியாக வைத்தோம். ஜனவரி 13க்குள் 9,900 எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொண்டோம். 24ஆம் தேதியோடு நிற்பது, ஆனால் சொல்லாமல் ஓடிவிடாமல் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்பது என்று முடிவானது.

எழுதுவதற்கு ஆதாரம் வேண்டுமே? செல்போன் வாசலில் இருந்ததால் கடைக்குள் ஒரு படம்கூட இல்லை. வருகைப் பதிவேடு அவர்களிடம். அப்போது அம்மா சுவரிலிருந்த மாதக் காலண்டரைக் காட்டினார். பால் கணக்கும் கேஸ் புக்கிங்கும் எழுதுகிற காலண்டர். டிசம்பர் 14லிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் மகன் வீட்டுக்கு வந்த நேரம் பென்சிலில் இருந்தது: 11.40, 11.50, 12.05. தூக்கம் வராமல் எழுதியதாம். அதோடு டிக்கெட் ஆப்பில் அன்றாடம் எடுத்த ரயில் டிக்கெட் வரலாறும், "நாளைக்கு சீக்கிரம் வந்துடு" என்ற ஏஜென்ட்டின் செய்திகளும் இருந்தன. இவற்றை வைத்து, 11 நாள், தேதி, நேரம், ஒப்புக்கொண்ட கூலி எல்லாம் ஒரு பக்கக் கடிதமாக எழுதினோம்.

24ஆம் தேதி இரவு ஃப்ளோர் இன்சார்ஜிடம் கொடுத்தார். கையெழுத்துப் போட மறுத்துவிட்டார், ஆனால் வாங்கிக்கொண்டார். அதன் படத்தை ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. ஆதார் அட்டையும் திரும்பவில்லை. அதற்காகச் சண்டை போட வேண்டாம் என்றேன்: இ-ஆதாரை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம், அதுவும் செல்லும். அப்போது 50 ரூபாய் கட்டினால் பிவிசி அட்டை தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். அட்டையைப் பிடித்து வைத்திருப்பதால் தனக்கு ஒரு பிடி இருக்கிறது என்று ஏஜென்ட் நினைத்திருக்கலாம். அந்தப் பிடி 50 ரூபாய்க்கு மேல் பெறாது.

டிசம்பர் 25: பக்கத்திலேயே இருந்த வேலை

அடுத்த வேலை கிடைத்த விதம் கொஞ்சம் எரிச்சலான விஷயம். மாணவர் தன் பழைய கேட்டரிங் கேப்டனுக்கு போன் செய்தார், தை மாத ஆர்டர் கேட்க. "டேய், நீ எங்கடா போன? மயிலாப்பூர்ல சபா கேன்டீன் எடுத்திருக்கோம், ஆள் பத்தல" என்றார் அவர். டிசம்பர் நடுவிலிருந்து நடக்கிறதாம். மார்கழியில் கல்யாணம் இல்லை என்பதும் உண்மை, மார்கழியில் சென்னை சபாக்களில் பந்தி உண்டு என்பதும் உண்மை. கச்சேரி கேட்க வருகிறவர்களுக்குக் காலையில் பொங்கல் வடை, மதியம் வாழையிலைச் சாப்பாடு, சாயங்காலம் டிஃபன், டிகிரி காபி. கல்யாணத்துக்குச் சமைக்கிற கான்ட்ராக்டர்களில் பலர் இந்த மாதத்தை இப்படித்தான் ஓட்டுகிறார்கள். நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று பெரம்பூரில் 29சி ஏறி மயிலாப்பூர் போய் நாள் முழுக்கப் பரிமாறினார். இரவு 500 ரூபாய் கையில் வந்தது, சாப்பாடும் அங்கேயே. ஆனால் அந்த வேலை ஜனவரி 1 வரைதான். அதிகபட்சம் எட்டு நாள், 4,000. தோட்டுக்குப் பாதிகூட ஆகாது.

டிசம்பர் 26 முதல் ஜனவரி 12 வரை: புத்தகக் காட்சி

எங்கள் படிப்பகத்துக்குப் புத்தகம் கொடுக்கிற சிறிய பதிப்பாளர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கேட்டுப் பார்த்தேன். அவர் அரங்குக்கு வருவதாகச் சொன்ன பையன் ஊருக்குப் போய்விட்டிருந்தான். இதில் திறமை ஒன்றும் இல்லை, அதிர்ஷ்டம்தான். மற்றவர்கள் டிசம்பர் தொடக்கத்திலேயே ஆள் பிடித்துவிட்டார்கள்.

சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் அண்ணா சாலையில் ஒரு பள்ளி வளாகத்தில் தொடங்கியது. இவர் வேலை பார்த்த முறை நடந்தது 48ஆவது. டிசம்பர் 27 முதல் ஜனவரி 12 வரை, நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில், ஏறக்குறைய 900 அரங்குகள். வேலைநாளில் பிற்பகல் 2 மணிக்குத் திறப்பார்கள், விடுமுறை நாளில் காலை 11 மணிக்கு, இரவு 8.30 வரை. காலை ஷிஃப்ட் கல்லூரி மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. ஜனவரி 2இல் கல்லூரி திறந்த பிறகும் அவரால் நேராக மைதானத்துக்குப் போக முடிந்தது.

பதிப்பாளரிடம் அவரையே பேச வைத்தேன். முன்கூட்டியே எதுவும் சொல்லித் தரவில்லை.

"சார், சம்பளத்தை நீங்களே தருவீங்களா, வேற யார் மூலமாவா?"

"நான்தான் தருவேன் தம்பி."

"எந்தத் தேதி சார்?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "வாராவாரம் ஞாயித்துக்கிழமை நைட்டு கல்லாவை எண்ணி முடிச்சதும். போதுமா?"

"புக்கு காணாமப் போனா பிடிப்பீங்களா?"

இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிடிக்க மாட்டேன், ஆனால் பில் போடாமல் ஒரு புத்தகமும் வெளியே போகக் கூடாது என்றார். வேலைநாளில் 450, விடுமுறையில் 650, இரவுச் சாப்பாடு. 26ஆம் தேதி அரங்கு அடுக்க 450. கடைசி நாள் இரவு கட்டுக் கட்ட 300.

வேலை சுலபம் என்று சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் கயிறு போட்ட கட்டுகளைத் தூக்கி உள்ளங்கை கன்றிப் போனது. விடுமுறை நாளில் பலகைத் தளம் முழுக்கத் திமுதிமுவென்று கூட்டம். நெரிசலில் சிக்னல் போய் யுபிஐ நகராது. பில் புத்தகத்தில் கையால் எழுதி, எல்லா அரங்கிலும் கொடுக்கிற 10 சதவீதத் தள்ளுபடியை மனக்கணக்காகப் போட வேண்டும். 180 என்றால் 162. 250 என்றால் 225. ஐந்தாறு புத்தகத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கிற பெரியவர்கள், இவர் பேனாவை எடுப்பதற்குள் தொகையைச் சொல்லிவிட்டு, சரியா என்று பார்ப்பார்களாம். இரண்டாம் வாரத்தில் அவர்களுக்கு முன்னால் இவர் சொல்ல ஆரம்பித்தார். கூட்டம் இல்லாத மூன்று மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து படிக்கலாம். உட்காரலாம் என்பதை அவர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

ஒரு நாள் மட்டும் கல்லூரியில் உள்மதிப்பீட்டுத் தேர்வால் போக முடியவில்லை. அந்தக் கூலி இல்லை, பேச்சும் இல்லை.

ஜனவரி 13: தோடு

கணக்கு இப்படி வந்தது. வேலைநாள் 9, அதற்கு 4,050. விடுமுறை நாள் 7, அதற்கு 4,550. அடுக்கியதும் கட்டியதும் 750. சபா கேன்டீன் 500. மொத்தம் 9,850. சைதாப்பேட்டை வரை ரயில், அங்கிருந்து பஸ், டீ எல்லாம் சேர்த்து 18 நாளில் 900 செலவு. வீட்டுக்கு 800 கொடுத்தார். பழைய 1,450ஐயும் சேர்த்தால் கையில் 9,600. தேவைக்கு 300 குறைந்தது. அம்மா அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு மூன்று நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தார். போகியன்று மதியம் தோடு வந்தது. குச்சியைக் கழற்றித் தோட்டைப் போட்டபோது ஒரு காதில் கொஞ்சம் ரத்தம் வந்ததாகச் சொன்னார்கள்.

ஜனவரி 22: பாக்கிக் கூலி

பொங்கல் முடிந்து ஏஜென்ட்டைக் கூப்பிட்டால், கடையிலிருந்து இன்னும் வரவில்லை என்றார். 20ஆம் தேதி மாணவர் நேராகக் கடைக்குப் போய் ஃப்ளோர் இன்சார்ஜைப் பார்த்தார். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "17ஆம் தேதியே முடிச்சாச்சேப்பா, தலைக்கு 550 கணக்குல." இவர்களுக்குச் சொன்னது 450. நடுவில் தலைக்கு 100 யாருக்குப் போகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. இவருடைய 11 நாளும் அந்தப் பட்டியலில் இருந்தது. டிசம்பர் 24இல் கொடுத்த கடிதம் அந்த வருகைப் பதிவேட்டிலேயே செருகி வைக்கப்பட்டிருந்ததாம்.

அன்று மாலை நான் ஏஜென்ட்டிடம் பேசினேன். தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுக்க மனு தயாராக இருக்கிறது, 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணிலும் கேட்டுக்கொள்ளப் போகிறோம் என்றேன். சத்தம் போடவில்லை. அவரும் எங்கள் தெருக்காரர், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும். 22ஆம் தேதி யுபிஐயில் 4,350 வந்தது. 600 டி-ஷர்ட்டுக்குப் பிடித்தம். அது பற்றி முதலில் யாரும் சொல்லவே இல்லை. ஆதார் அட்டையும் அன்றே வந்தது. மனுவைக் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை.

போகி வரை நின்ற பையன்களுக்கும் அதே 22ஆம் தேதி பணம் வந்தது: 31 நாளுக்கு 13,350, பிடித்தம் போக. இவர் நின்றுவிட்டதால் சேர்ந்தது 4,350ம் 9,850ம், மொத்தம் 14,200. வித்தியாசம் பெரிதில்லை. ஆகவே கடையை விட்டதால் அதிகம் சம்பாதித்தார் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கடையில் பேசிய கூலி மணிக்கு 37 ரூபாய் 50 காசு, அரங்கு திறந்திருந்த நேரத்தை வைத்துப் பார்த்தால் அங்கே ஏறக்குறைய 69 ரூபாய். அது ஒரு பக்கம். பணம் கைக்கு வந்த தேதிதான் தோட்டைக் கொண்டுவந்தது.

மாற்றியவையும் மாற்ற முடியாதவையும்

படிப்பகத்தில் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். விடுமுறை வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் போவதற்கு முன் அதில் எழுத வேண்டும்: கூலியைக் கொடுக்கப் போகிறவர் யார், எந்தத் தேதி, என்னென்ன பிடிப்பார்கள். "சீசன் முடிஞ்சதும்", "வேலை பார்த்துட்டு" என்றெல்லாம் எழுத விடுவதில்லை. தேதி தெரியாதென்றால் அந்த இடம் காலியாக இருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் போவது அவரவர் விருப்பம். அசல் ஆவணம் தருவதில்லை. வேலை நேரத்தை வீட்டில் ஒருவர் காலண்டரில் குறித்து வைக்கிறார். இது அம்மாவிடம் கற்றுக்கொண்டது.

தேடலை நவம்பரிலேயே தொடங்க வேண்டும் என்பதும் புரிந்தது. சபா கேன்டீன் எடுத்தவர்கள் யார் என்று கேட்டரிங் கேப்டன்களுக்கு நவம்பர் கடைசியில் தெரிந்துவிடும். புத்தக அரங்குகளுக்கு டிசம்பர் முதல் பாதியில் ஆள் பிடிக்கிறார்கள். காட்சியின் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அறிவிப்பு வந்ததும் பார்க்க வேண்டும். ஜவுளிக் கடையைத் தவிர்க்கச் சொல்லவில்லை. மூன்று பையன்கள் இப்போது ஏஜென்ட் இல்லாமல் நேரடியாகவே ஒரு கடையில் கேட்டு வாரக் கூலிக்குச் சேர்ந்திருக்கிறார்கள். நிற்கிற வேலைதான், அதில் மாற்றம் இல்லை.

ஏஜென்ட் முறை அப்படியேதான் இருக்கிறது. தெருவில் பாதிப் பையன்களுக்கு அவரை விட்டால் கடைக்குள் நுழைய வழி தெரியாது. தலைக்கு 100 எடுப்பதைச் சொன்ன பிறகும் அவரிடம்தான் போகிறார்கள். ஒருவன் கேட்டான்: "அண்ணா, அவரு தேதி சொல்லிட்டாருன்னா போலாம்ல?" போகலாம் என்றேன்.

மாணவர் 4,350ஐ டைப்ரைட்டிங் வகுப்புக்கும் அடுத்த செமஸ்டர் தேர்வுக் கட்டணத்துக்கும் ஒதுக்கினார். 600 ரூபாய் டி-ஷர்ட்டைப் படிப்பகத்தில் கொண்டுவந்து போட்டிருக்கிறார். நல்ல பருத்தி. கரும்பலகை துடைக்கிறோம்.